நாடகத்தில் சொன்ன தலாக்

நம் வயதுக்காரர்களிடம் சொன்னால்தான் இது விளங்கும். வானொலிப் பெட்டிக்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்து நாடகம் கேட்டவர்கள் நாம். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

போன கிழமை ஒலுவிலில் இருக்கும் என் மகள் என் கைபேசிக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம்கூட முடியவில்லை. பதிவைத் தட்டினேன். அவள் அழுகிறாள். ஓர் ஆண் குரல் அதட்டுகிறது. "இனி உன்னோட என்னால வாழ ஏலா" என்கிறது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினேன். வழி முழுக்க அழுகை.

மருமகன்தான் கதவைத் திறந்தார். இருவரும் கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவு கம்பஸ் சிநேகிதர்களோடு சேர்ந்து செய்கிற ஒலி நாடகமாம்.

"உம்மா, நீங்க கடைசி மட்டும் கேக்கல்லயா? கடைசில நாடகத்துட பேரும் எங்கட பேரும் சொல்லுறமே" என்றாள் மகள்.

நான் மருமகனைப் பார்த்து, "அந்தச் சொல்லச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எந்தச் சொல்லு மாமி?"

அவருக்குத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது, நான் அவளிடம் சொன்னதே இல்லை. சாப்பாட்டுக் கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு பிள்ளைகளின் முன்னால் எனக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்வேன்?

அந்தச் சொல் தலாக். விவாகரத்துச் சொல். அதை என் வாப்பா என் உம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஊரே கேட்டது.

கல்முனைக்குத் தெற்கே, பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில், வீடும் தோட்டமுமாக எங்கள் வளவு. வாப்பா பள்ளிக்கூட ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். படிப்பித்துவிட்டு வந்தால் மிச்ச நேரமெல்லாம் வானொலிக்கு நாடகம் எழுதுவார். மேசையில் எப்போதும் ஒரு பிரதி கிடக்கும். கடதாசியின் ஒரு பக்கத்தில் பேச்சு, மறுபக்கத்தில் சத்தங்கள். "கதவு", "தூரத்தில் பாங்கு", "அடுப்பில் எண்ணெய்" என்று வெறும் சத்தங்களின் பெயரை எழுதி வைத்திருப்பார். அதை வாசித்தாலே எனக்கு வீடு தெரியும்.

சத்தத்தில் அவருக்குப் பைத்தியம். மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை கடற்கரைக்குப் போய் அலையைப் பதிந்து வந்தார். வீட்டில் போட்டுப் பார்த்தால் யாரோ மீன் பொரிக்கிற மாதிரி இருந்தது. உம்மா சிரித்துச் சிரித்து, "கடலப் பொரிச்சு எடுத்துட்டு வந்திருக்காரு உங்கட வாப்பா" என்றார். பிறகு உம்மாதான் சுளகை எடுத்து, ஒரு பிடி நெல்லைப் போட்டு, மெல்ல அந்தப் பக்கம் சரித்து இந்தப் பக்கம் சரித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். அலை வந்தது, கரையில் இழுபட்டது, போனது.

மேடையிலிருந்து வானொலிக்கு வந்த நடிகர்களைப் பற்றி வாப்பா குறைப்பட்டுக்கொள்வார். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று கத்திப் பழகிய குரல்கள். "மைக்குக்குக் கடைசி வரிசை இல்ல. கேக்கிற ஆள் காதுக்குப் பக்கத்துலதான் இருக்கான். அவன்ட காதுக்குள்ள போய்க் கத்தினா எழும்பி ஓடிருவான்" என்பார். எங்கள் ஊர்ப் பெண்களின் பாத்திரங்களைக் கொழும்பில் வேறு ஊர்ப் பெண்கள் பேசினார்கள். நல்ல குரல்கள்தான். ஆனால் எங்கள் பேச்சு அவர்களின் வாயில் வராது. "என்ன கா" என்று வர வேண்டிய இடத்தில் பாடம் வாசிப்பதுபோல் இருக்கும்.

எழுதியதைச் சத்தமாகக் கேட்டுப் பார்க்க வாப்பாவுக்கு ஆள் வேண்டும். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா அடுப்படி வாசலில் நின்று பெண் பாத்திரங்களை வாசிப்பார். முதலில் எல்லோரையும் போலத்தான் வாசித்தார். கொஞ்ச நாளில் வாசிப்பதுபோலவே தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் யாரோடோ கதைப்பதுபோல் இருந்தது. என் அக்கா, ராத்தாவும் நானும் படிக்கிற புத்தகத்தை விட்டுவிட்டுப் பார்ப்போம். எங்கள் உம்மாவைக் காணக் கிடைக்காது. அங்கே வேறொருத்தி நிற்பாள்.

வாப்பா அந்தச் சொல்லைச் சொன்ன நாடகம் அவசரத் தலாக்கைக் கண்டித்து எழுதியது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு வரும் ஒருவன் குழம்பில், எங்கள் பேச்சில் ஆணத்தில், உப்புக் கூடிவிட்டது என்று மனைவியோடு சண்டை பிடிக்கிறான். வாய்ச்சண்டை முற்றுகிறது. கோபத்தில் தலாக் சொல்லிவிட்டு வெளியேறுகிறான். மாலை அஸர் தொழுகைக்குள் புத்தி வருகிறது. மிச்ச நாடகம் முழுக்க அவன் படும் பாடு. அதில் மனைவி சொல்வாள்: "ஆணத்துல உப்புக் கூடினா தண்ணி ஊத்தலாம். உங்கட வாயில கூடினா எதை ஊத்துற?"

அது உம்மாவின் பேச்சு. நோன்பு காலத்தில் ஒருநாள் உண்மையாகவே வாப்பாவுக்குச் சொன்னது. பக்கத்து வளவுக்காரிகள் கேட்டுச் சிரித்ததும் உண்மை. வாப்பா அதை அப்படியே எடுத்துப் பிரதியில் போட்டுவிட்டார். உம்மாவிடம் கேட்கவில்லை. வாசிக்கும்போது உம்மா அந்த வரியில் ஒரு கணம் நின்று, வாப்பாவைப் பார்த்துவிட்டு, தொடர்ந்து வாசித்தார்.

கொழும்பில் அந்த வரி யாருக்கும் வாயில் நிற்கவில்லையாம். தயாரிப்பாளர் சலித்துப்போய், "இந்தப் பேச்ச உங்களுக்குச் சொல்லித்தந்த ஆள் யாரோ, அவங்களையே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். கணவன் பாத்திரத்தை வாப்பாவே பேசுவதாக ஏற்கனவே ஏற்பாடு. இப்படித்தான் உம்மா கொழும்புக்கு பஸ் ஏறினார். கடைக்குட்டி என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள்.

கலையகத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு கதவு. சுவர் இல்லை, வீடு இல்லை. அறையின் நடுவில் தனியாக ஒரு நிலையும் கதவும். அதில் கொண்டி, பூட்டு, சங்கிலி எல்லாம் இருந்தன. நாடகத்தில் யார் யார் வீட்டுக்கோ போகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே கதவைத்தான் திறந்து மூடினார்கள். நான் அதற்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். இந்தப் பக்கம் இருந்ததுதான் அங்கேயும் இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். நடுவில் ஓர் ஒலிவாங்கி. அதற்கு இந்தப் பக்கம் வாப்பா, அந்தப் பக்கம் உம்மா, முகத்துக்கு முகம். செருப்பைக் கழற்றியிருந்தார்கள். கடதாசி சரசரக்கக் கூடாது என்பதால் வாசித்து முடிந்த தாளைத் தரையில் நழுவ விட்டார்கள். வாப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. பிரதியிலிருந்து கண்ணை எடுத்தார். உம்மாவைப் பார்த்தார். "உன்னத் தலாக் சொல்லிட்டன், போ" என்றார். உம்மா அழுதார். பெரிய சத்தமில்லை. அடுப்பை ஊதும்போது புகை போய் மூச்சு அடைபடுமே, அந்த மாதிரி. தயாரிப்பாளர் என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உம்மா இருந்த சந்தோஷத்தைப்போல நான் பிறகு பார்த்ததில்லை. வடை வாங்கித் தந்தார். ஜன்னலோரம் இருந்துகொண்டு, "அந்த இடத்துல நான் கொஞ்சம் முந்திட்டன், என்ன?" என்று வாப்பாவிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

நாடகம் ஒலிபரப்பான அன்று எங்கள் வீடு நிறைய ஆட்கள். முடிந்ததும் யாரும் நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். வாப்பா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். "பேச்சு வராமப் போறாங்க, பாத்தியா?" என்றார்.

எனக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் தெரிய வந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "உங்கட வாப்பா உங்கட உம்மாவ ரேடியோவுல உட்டுட்டாராமே?" என்று கேட்டாள்.

"அது நாடகம்."

"விளையாட்டுக்குச் சொன்னாலும் விழும் எண்டு எங்கட வாப்பா சொன்ன. இனி உங்கட வாப்பா உங்கட ஊட்ட இருக்க ஏலா. இருந்தா ஹறாம்."

கூட நின்றவர்கள் என்னிடமிருந்து கொஞ்சம் விலகி நின்றார்கள். குழாயை மூடாமலே வகுப்புக்கு ஓடிவிட்டேன்.

அன்று மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் லெப்பையும் மரைக்காரும் வந்தார்கள். லெப்பை தொழுகை நடத்துகிறவர், மரைக்கார் பள்ளிவாசல் நிர்வாகி. இருவரும் வாப்பாவின் மேல் அன்புள்ளவர்கள். அதையும் சொல்ல வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை.

"மாஸ்டர், பேரச் சொல்லியிருந்தாலும் பரவால்ல. நாடகத்துல உள்ளவள்ள பேரு வேற. நீங்க 'உன்ன' எண்டு சொல்லியிருக்கீங்க. முன்னால நிண்டது உங்கட பொண்டாட்டி" என்றார் லெப்பை.

"நாடகத்துல கொலகாரனா நடிச்சா நான் பொலிசுக்குப் போய் ஆஜராகணுமா லெப்ப?"

"கொல வேற, தலாக் வேற. சரி, விழுந்திருந்தாலும் ஒரு தலாக்குதான், திருப்பி எடுக்கலாம். 'மீட்டிக்கிட்டன்' எண்டு ஒரு சொல்லு சொல்லுங்க. முடிஞ்சு. நாங்க தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போறம்."

"சொல்லாத ஒண்ட எப்பிடி மீட்கிற?" என்றார் வாப்பா.

அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் நினைக்கிறேன். திரைக்குப் பின்னால் உம்மாவும் அவர் சொல்வார் என்றுதான் நின்றார். வாப்பா சொல்லவில்லை. சொன்னால் நாடகம் பொய்யாகிவிடும் என்று நினைத்தார். இனி எந்த மனிதனும் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று ஒரு கெட்டவனாகப் பேச முடியாது என்று நினைத்தார். மார்க்க அறிஞரான பெரிய ஹஸ்ரத் அக்கரைப்பற்றிலிருந்து வந்து தீர்ப்புச் சொல்லும்வரை தானே விலகி இருப்பதாகச் சொல்லிவிட்டு, தலையணையையும் சவரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தன் சகோதரியின், எங்கள் மாமியின், வீட்டுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. விலகுகிறவர் ஆண்தான். அவர் வேலிக் கடப்பைத் தாண்டிப் போவதை மூன்று வளவுக்காரர்கள் பார்த்தார்கள்.

வாப்பா மாமி வீட்டில் பிரதி எழுதிக்கொண்டிருந்தார். கலையின் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். தண்ணீர் அள்ளப் பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போய் வந்தது உம்மா. அவர் போனதும் அங்கே கதை நிற்கும், திரும்பியதும் தொடங்கும். "சண்ட உள்ளதுதானே கா. உப்புக் கதைய நாங்களே கேட்டமே" என்று ஒருத்தி சொன்னது வேலிக்கு மேலால் எங்களுக்கே கேட்டது. உம்மாவின் வாயிலிருந்து வந்த பகிடி, இப்போது உம்மாவுக்கு எதிரான சாட்சி.

ராத்தாவுக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டார் பேச்சை நிறுத்தி வைத்தார்கள். ராத்தா பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏன் உம்மா போன நீங்க? ஏன் போன?" என்று கேட்டாள். உம்மா நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

பகல் சோற்றை அடுக்குச்சட்டியில் வைத்து நான் மாமி வீட்டுக்குக் கொண்டு போவேன். வாப்பா மூடியைத் திறக்கும் முன்னால், "உம்மா என்ன சொன்ன?" என்று கேட்பார். உம்மா ஒன்றும் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார். "ஒண்டுமில்ல" என்பேன். ஒருநாள் வாப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் குறைவு" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்கிடையில் வானொலியில் ஓர் அறிவித்தல். நேயர்கள் கேட்டுக்கொண்டதால் அந்த நாடகம் மீண்டும் ஒலிபரப்பாகுமாம். சந்தியில் தேநீர்க்கடைக்காரர் அதை வைத்துக் கணக்குப் போட்டார். "இப்ப போட்டா ரெண்டாவது தலாக்கு. இன்னொருக்காப் போட்டாங்க எண்டா மூணும் முடிஞ்சு. மாஸ்டர் வேற பொண்ணு பாக்கலாம்." கடை முழுக்கச் சிரித்தது. சீனி வாங்கப் போன நான் வாங்காமல் திரும்பினேன். சிரித்தவர்கள் பகிடிக்குத்தான் சிரித்தார்கள். ஆனால் அதை உண்மை என்று நம்பியவர்களும் இருந்தார்கள். மூன்றும் முடிந்தால் மீட்கவும் முடியாது. எங்கள் மாமா நம்பினார். கொழும்புக்குத் தந்தி அடித்து நாடகத்தை நிறுத்தலாமா என்று யாரிடமோ போய்க் கேட்டார்.

பெரிய ஹஸ்ரத் ஓர் அஸருக்குப் பிறகு வந்தார். எங்கள் வீட்டு மண்டபத்தில்தான் விசாரணை. வாப்பா தன் சொந்த வீட்டுக்குள் சலாம் சொல்லிக்கொண்டு வந்து, ஓரத்துக் கதிரையில் விருந்தாளியைப்போல் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் உம்மா, ராத்தா, நான்.

லெப்பை மீள் ஒலிபரப்புக் கணக்கைச் சொன்னதும் ஹஸ்ரத், "பெட்டிக்கா நிக்காஹ் செஞ்சு குடுத்தீங்க? பெட்டி தலாக் சொல்ல?" என்றார். மண்டபத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடி அடங்கியது. பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பினார்.

"சொல்லக்குள்ள நீங்க யாரப் பாத்த மாஸ்டர்?"

"அவவ."

"கடதாசியப் பாத்த எண்டு சொல்லுங்க மச்சான்" என்று மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

"கடதாசியப் பாத்தா குரல் கீழ விழுந்திரும். முகத்தப் பாத்துத்தான் கதைக்கிற."

"கோவம் வந்ததா?"

"வந்த. வராம அந்தச் சொல்லு வாயில நிக்காது."

மரைக்கார் தலையில் கை வைத்துக்கொண்டார். லெப்பை முன்னால் குனிந்தார். "கேட்டீங்களா ஹஸ்ரத்?"

ஹஸ்ரத் அவரைக் கையால் அமர்த்திவிட்டு, "யாரு மேல கோவம்?" என்று கேட்டார்.

வாப்பா தரையைப் பார்த்தார். எவ்வளவு நாடகம் எழுதியவர். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு வரி இல்லை. அவருக்கே தெரியவில்லை என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: வாப்பா இனி வீட்டுக்கு வரமாட்டார்.

திரைக்குப் பின்னால் உம்மா தொண்டையைச் செருமினார். "ஹஸ்ரத், நான் ஒண்டு சொல்லலாமா?"

"சொல்லுங்க மகள்."

"நானும் அங்கினதான் நிண்ட. அந்தச் சொல்ல நாடகத்துல உள்ளவள்ள மாப்பிள அவளுக்குச் சொன்ன. என்ட மாப்பிள எனக்குச் சொல்லல்ல."

"அப்ப நீங்க ஏன் அழுத? ஊரே கேட்டதே" என்றார் லெப்பை.

"அவளுக்காகத்தான் அழுத லெப்ப. எனக்கு அழுறதெண்டா அடுப்படியில இருந்து அழலாமே. அதுக்கு ஏன் கொழும்புக்கு பஸ் ஏறணும்?"

ஹஸ்ரத்தின் சிரிப்பு கேட்டது. வயதான உடம்பு, சிரிப்பில் கதிரையும் சேர்ந்து ஆடியது. "கதை சொல்லுறவன் கதைக்குள்ள சொல்லுற சொல்லு அவன்ட சொல்லில்ல. இவ எனக்கு முந்தியே தீர்ப்புச் சொல்லிட்டா. ஒண்டும் விழல்ல. மீட்கவும் ஒண்டுமில்ல. மாஸ்டர், தலகாணிய எடுத்துட்டு வாங்க" என்றார்.

எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். தேநீர் வந்தது. தேநீர் குடிக்கும்போதுதான் மாமா சொன்னார்: "சரி. ஆனா இனி என்ட தங்கச்சி இந்த வேலைக்குப் போகப்படா. கட்டிக் குடுக்காத குமர் ஒண்டு வீட்டுல இருக்கு."

"ஓம் மச்சான். இனி இல்ல" என்றார் வாப்பா. உடனே சொன்னார். மீட்டிக்கொண்டேன் என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு நாள் பிடிவாதம் பிடித்த மனிதர், இதைச் சொல்ல கையிலிருந்த தேநீரைக்கூட இறக்கி வைக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்றவரை யாரும் கேட்கவில்லை. ராத்தா என் கையைப் பிடித்து அழுத்தினாள். எங்களுக்கு அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது முகம் சுடுகிறது.

வாப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிறகும் எத்தனையோ நாடகம் எழுதினார். மஃரிபுக்குப் பிறகு உம்மாவை வாசிக்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். அவருடைய மானத்தைக் காக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்.

மீள் ஒலிபரப்பு அன்று எங்கள் வீட்டில் வெளியாட்கள் யாருமில்லை. உம்மா வேலையெல்லாம் முன்னதாகவே முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் தரம் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பதிலேயே அவருக்கு நாடகம் போய்விட்டிருந்தது. உப்புச் சண்டை தொடங்கியது. வாப்பாவின் குரல் ஏறியது. வாப்பா சட்டென்று எழும்பிப் பெட்டியை நிறுத்தினார். எங்கள் எல்லோருக்காகவும் நிறுத்துவதுபோல் நிறுத்தினார். ராத்தா பெருமூச்சு விட்டாள்.

ஆனால் அக்கம்பக்கத்து வளவுகளில் யாரும் நிறுத்தவில்லை. எல்லாப் பெட்டிகளிலும் அதே நாடகம். கிடுகு வேலிக்கு மேலால், தென்னைகளுக்கு ஊடால், வாப்பா அந்தச் சொல்லைச் சொல்வது நான்கு பக்கமும் கேட்டது. வாப்பா எழும்பி அறைக்குள் போய்விட்டார்.

உம்மா எழும்பினார். அடுப்படி வழியாக வளவுக்குள் இறங்கி, பக்கத்து வீட்டு வேலியோரம் போய் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெட்டியிலிருந்து உம்மா அழும் சத்தம் வந்தது. அந்த மூச்சு அடைபடும் அழுகை. இந்தப் பக்கம் நின்ற உம்மா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாராவது எட்டிப் பார்த்தால்? ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"உள்ளுக்கு வாங்க உம்மா. ஆக்கள் பாப்பாங்க."

"பொறு மகள்" என்றார் உம்மா. "இன்னும் முடியல்ல."